வெள்ளைத் துணியை வரைவது

அந்த வெளிநாட்டு ஃபேஷன் பத்திரிகை எங்கள் கைக்கு வந்தபோதே அதன் அட்டை கிழிந்திருந்தது. வளைகுடா நாட்டில் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு ஊர் வந்திருந்த ஒரு பெண், தன் அண்ணன் மகளுக்குப் பிறந்தநாள் கவுன் தைக்க மாதிரி காட்டுவதற்காக அதைக் கொண்டுவந்திருந்தார். கவுனை வாங்கிய கையோடு விமானம் ஏறிப் போய்விட்டார். புத்தகம் கடையிலேயே தங்கிவிட்டது.

கடை என் பெரியம்மா மகளுடையது. ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில், இரண்டு தையல் மெஷின் போடுகிற அளவுக்கு இடம். எண்பதுகளின் நடுவில் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த என்னை, சும்மா இருக்கிற பிள்ளை ஹூக்காவது வைக்கட்டும் என்று அக்கா கூப்பிட்டுக்கொண்டாள். காலையில் ராஜபாளையத்தில் பஸ் ஏறுவேன், சாயங்காலம் திரும்பிவிடுவேன். ஹூக் வைப்பது, பொத்தானுக்குக் காஜா எடுப்பது, சேலைக்கு ஃபால்ஸ் தைப்பது, இவைதான் எனக்குக் கொடுத்த வேலைகள்.

புத்தகம் முழுக்க வழுவழுப்பான புகைப்படங்கள். நடுவில் மட்டும் சில பக்கங்கள் கையால் வரைந்த படங்கள். கறுப்பு மையும் வாட்டர் கலரும். முதல் தடவை பார்த்தபோது அச்சடித்ததில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றே நினைத்தேன். ஒருத்திக்கு முகம் இருந்தது, கண் இல்லை. சிவப்பாக உதடு மட்டும் இருந்தது. இன்னொருத்தியின் இடது கை முழங்கைக்குக் கீழே காணாமல் போயிருந்தது. பச்சைப் பாவாடை ஒன்று இடுப்பில் கெட்டியான நிறத்தில் தொடங்கி, கீழே போகப் போக நீர்த்து, விளிம்பில் வெறும் தண்ணீர் காய்ந்த தடமாக முடிந்துவிட்டிருந்தது.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கழுத்தப் பாரு, கொக்கு மாதிரி. இவளுக்கு ஜாக்கெட் தைக்கச் சொன்னா நான் கடைய மூடிட்டுப் போயிருவேன்."

நானும் சிரித்தேன். ஆனால் மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கங்களைத்தான் மறுபடி திருப்பினேன். புகைப்படங்களில் உடுப்பு நன்றாகத் தெரிந்தது. என்ன நிறம், எத்தனை பொத்தான், எல்லாம் சொல்லிவிடலாம். ஆனால் படம் வரைந்தவர் அந்தப் பச்சைப் பாவாடை கனமா லேசா என்பதைச் சொல்லியிருந்தார். அவள் இப்போதுதான் திரும்பினாள், துணி இன்னும் திரும்பி முடிக்கவில்லை என்பதைச் சொல்லியிருந்தார். தோளில் விழுந்த வெளிச்சத்துக்கு அவர் ஒன்றுமே பூசவில்லை. தாளை அப்படியே விட்டிருந்தார். மைக் கோடு கூட எல்லா இடத்திலும் ஓடவில்லை. முதுகில் தடித்து இறங்கி, இடுப்புக்கு வருமுன் அறுந்து, மறுபடி முழங்காலில் தொடங்கியது. நடுவில் இல்லாத கோட்டை என் கண் போட்டுக்கொண்டது. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு ஜாக்கெட்டுக்கு ஹூக்கைத் தலைகீழாக வைத்து அக்காவிடம் திட்டு வாங்கினேன்.

இதை நானும் செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஆசை என்று சொல்வதைவிட, பிடிவாதம் என்று சொன்னால்தான் சரி.

ராஜபாளையத்தில் ஸ்டேஷனரி கடையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான வாட்டர் கலர் பெட்டி ஒன்றும், தொட்டு எழுதுகிற நிப்பும் வாங்கினேன். மைக்குப் பேனா மையையே வைத்துக்கொண்டேன். முதல் படத்தில் கோடுகளை ஒழுங்காகப் போட்டு, மேலே தண்ணீர்த் தூரிகையை வைத்ததும் நீலம் கலங்கி அந்தப் பெண் முழுக்க மழையில் நனைந்தவள் போல ஆனாள். மறுபடி கடைக்குப் போய்க் கேட்டபோது, மில் ஆபீஸில் வரைபடம் போடுகிறவர்கள் வாங்கும் கறுப்பு மையைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். காய்ந்த பிறகு தண்ணீர் பட்டாலும் அது அசையவில்லை.

மை பிடிபட்டது, துணி பிடிபடவில்லை. நான் வரைந்த பாவாடைகள் எல்லாம் தகரத்தில் அடித்த மாதிரி நின்றன. எங்கள் தெருவில் ஒரு வீட்டார் சத்திரப்பட்டி தறிகளிலிருந்து பேண்டேஜ் துணி வாங்கி வெட்டி மடித்துக் கட்டுகிற வேலை செய்தார்கள். அவர்களிடம் ஓரம் கெட்டுப்போன துணி ஒன்றைக் கேட்டு வாங்கி, எங்கள் வீட்டு ஜன்னலோரம் ஆணியில் தொங்கவிட்டேன். ஒரு மடிப்பு இருக்கும் இடத்தில் வெளிச்சம் ஊடுருவியது. இரண்டு மடிப்பு சேர்ந்த இடத்தில் லேசான சாம்பல். மூன்றாவது மடிப்பில் கொஞ்சம் நீலம் கலந்த சாம்பல். அவ்வளவுதான் அந்தத் துணி. வெள்ளை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் வெள்ளை பாதிக்கு மேல் இல்லை. தினமும் ஒரு தாளில் அந்தப் பேண்டேஜ் துணியை மட்டும் வரைந்தேன். வேறு ஆணியில், வேறு வெளிச்சத்தில், ஈரமாக, காய்ந்து, கசங்கி.

அப்பா மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது ஒருநாள் தாள்களைப் பார்த்துவிட்டார். துணிப் படங்களின் மேலே, பத்திரிகையைப் பார்த்து வரைந்த ஒரு பெண் இருந்தாள். தோளும் பாதி முதுகும் வெறுமையாக இருந்தன.

"ஏட்டி, என்ன படம் இது?"

"துணியத்தான்ப்பா வரையுதேன்."

"துணியா? எங்க இருக்கு துணி?"

அம்மா அடுப்படியில் சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது. அப்பாவுக்குக் கேட்காமல் இருக்க வேண்டுமே என்று நான் பயந்தேன்.

"வயசுப் பிள்ள வரையுற படமா இது? நாளைக்கு நாலு பேரு வீட்டுக்கு வந்து போற எடம். கிழிச்சுப் போடு."

"கிழிக்க மாட்டேன்ப்பா. செவுத்துல ஒட்ட மாட்டேன். யாருக்கும் காட்ட மாட்டேன். ஆனா கிழிக்க மாட்டேன்."

அவரை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அதன்பிறகு வெகுகாலம் என்னிடம் நேராகப் பேசவில்லை. "அவள சாப்பிடச் சொல்லு" என்று அம்மா வழியாகத்தான் பேச்சு. நான் சாப்பிட்டேன், பஸ் ஏறினேன், திரும்பி வந்து வரைந்தேன்.

கடையில் ஜாக்கெட் கழுத்துக்கு வாடிக்கைக்காரர்கள் கையால் காற்றில் கோடு போட்டுக் காட்டுவார்கள். "இப்படி வந்து இப்படி எறங்கணும்." அக்கா ஒன்று நினைப்பாள், அவர்கள் ஒன்று நினைத்திருப்பார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் சொல்லும்போதே முதுகோடு சேர்த்து வரைந்து, சேலையின் நிறத்தைத் தொட்டுப் பூசிக் காட்ட ஆரம்பித்தேன். "ஆமா, இதேதான்" என்று அவர்கள் சொன்னபோது அக்காவுக்கும் சந்தோஷம். கொஞ்ச காலம்தான். ஒரு பேங்க்காரர் மனைவி தைத்த ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்கு நின்றார்.

"படத்துல எம்புட்டு அழகா இருக்கு! இது அப்படியா இருக்கு? துணியக் கெடுத்துட்டீங்க."

ஜாக்கெட்டில் ஒரு குறையும் இல்லை. குறை என் படத்தில். பத்திரிகையைப் பார்த்துப் பார்த்து எல்லாப் பெண்களையும் நான் கொக்குக் கழுத்தோடும் நீள முதுகோடும் வரைந்துகொண்டிருந்தேன். அவர் போன பிறகு அக்கா சொன்னாள்: "இனிமே படம் கிடம்னு நோட்ட எடுத்த, கத்திரிக்கோல்தான் பேசும். அளவு எடுத்தமா தச்சமான்னு இருக்கணும்." கடையில் வரைவது நின்றது. வீட்டில் நிற்கவில்லை.

அதற்கடுத்த வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்த சமயத்தில் ஒரு டீச்சர் வந்தார். ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறவர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கூடவே அவருடைய அம்மா. டீச்சருக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் மெலிந்து கொஞ்சம் கட்டையாகிவிட்டிருந்தது. வலது கையை முழங்காலுக்கு மேலே தொடையில் ஊன்றி ஊன்றித்தான் நடப்பார். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு முன்னால் சாய்ந்து நிமிரும். சந்துக்குள் அவர் வருவதை நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். அக்கா ஓடிப்போய் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"கல்யாணம் வச்சிருக்கு. சர்ச்சுக்கு வெள்ளச் சேல எடுத்தாச்சு, ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கணும்" என்றார் அம்மா.

"சேல வேண்டாம், கவுன் தைக்கணும்" என்றார் டீச்சர்.

இது வீட்டிலேயே பேசி முடியாமல் வந்த பேச்சு என்று தெரிந்தது. அம்மா எங்களைப் பார்த்துச் சொன்னார்: "நீங்களே சொல்லுங்க. கவுன் போட்டா எல்லாரும் காலத்தான பாப்பாக? சேலன்னா மறைவா இருக்கும்."

டீச்சர் கோபப்படவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். "சேலையில நான் கைய ஊன்றி ஊன்றி நடந்தா கொசுவம் அவுந்துரும். ஸ்கூல்ல தெனமும் பின் குத்திச் சமாளிக்கேன். சர்ச்சுல வாசல்ல இருந்து ஆல்டர் வரைக்கும் நான் நடக்கணும். யாரும் கையப் பிடிக்கக் கூடாது. நடுவுல நின்னு கொசுவத்தச் சரி பண்ணவும் கூடாது. அதுக்கு எந்த உடுப்பு சரியோ அது வேணும்."

அக்கா அதுவரை சின்னப் பிள்ளைகளுக்கும், சர்ச்சில் முதல்முறை நன்மை வாங்கும் புதுநன்மைக்கும்தான் கவுன் தைத்திருந்தாள். கல்யாணக் கவுன் தைத்ததில்லை. தயங்கினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "படம் போட்டுக் காட்டு" என்றாள். கத்திரிக்கோலைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஒரு வாரம் உழைத்து ஒரு படம் வரைந்தேன். நேராக நிற்கும் மணப்பெண், மணி போல விரிந்த கவுன், தரையில் சரியும் வலைத்துணி முக்காடு. வெள்ளைக்கு வெள்ளை பூசவே இல்லை. பேண்டேஜ் துணி கற்றுக்கொடுத்த சாம்பலையும் நீலத்தையும் மடிப்புகளில் மட்டும் வைத்து, மற்றதையெல்லாம் தாளாகவே விட்டேன். வீட்டில் காயவைத்திருந்தபோது அப்பா வந்து நின்றார்.

"வெள்ள எதுல பூசுன? பெட்டியில வெள்ளைய நீ தொடவே இல்லையே."

"பூசலப்பா. அது பேப்பரு."

குனிந்து பார்த்தார். விரலால் தொடப் போனவர், ஈரமாக இருக்குமோ என்று கையை இழுத்துக்கொண்டார். நூலோடும் துணியோடும் வாழ்ந்த மனிதர். அன்றைக்கு, "சாப்பிட்டியா?" என்று என்னிடமே கேட்டார்.

கடையில் படத்தைப் பார்த்து டீச்சருடைய அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எம் பிள்ள இப்படி நிக்கிறத ஒரு நாளாவது பாக்கணும்" என்றார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. டீச்சர் மட்டும் படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்ப நல்லா வரையுதீங்க" என்றார். "ஆனா இது யாரு?"

எனக்குப் புரியவில்லை.

"இவ நேரா நிக்கிறா. ரெண்டு காலும் ஒண்ணா இருக்கு. கை சும்மா தொங்குது. கல்யாணம் எனக்குத்தான?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுகையும் எரிச்சலுமாக இருந்தது. அழகாக வரைந்தது குற்றமா என்று மனசுக்குள் அவரோடு சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பழைய பத்திரிகையைத் திறந்து, நான் எங்கே தப்பினேன் என்று தேடினேன். ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்துக்கொண்டே வந்தபோது, இத்தனை நாள் கண்ணில் பட்டும் படாமல் இருந்த ஒன்று தெரிந்தது. அவர்களில் ஒருத்தியும் நேராக நிற்கவில்லை. எல்லோரும் ஒரு காலில்தான் பாரத்தை வைத்திருந்தார்கள். ஒரு இடுப்பு ஏறியிருந்தது, எதிர்த் தோள் இறங்கியிருந்தது. துணி ஏறிய இடுப்பிலிருந்து தொங்கி, மறுபக்கம் தளர்ந்து விழுந்தது. அந்தச் சாய்வுதான் படத்துக்கே உயிர். நான் நீளக் கழுத்தைத்தான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். பாரம் எங்கே விழுகிறது என்பதைப் பார்க்கவே இல்லை.

டீச்சரின் உடம்பில் அந்தச் சாய்வு இருந்தது. நான்தான் அதை நிமிர்த்திவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவரைக் கடைக்கு வரச்சொன்னேன். "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. இந்தச் சந்துல செத்த நேரம் நடக்கணும். நான் பாத்து வரையணும்."

"இத்தன வருஷமா எல்லாரும் பாக்காமப் பாப்பாக" என்றார் அவர். "பாக்கணும்னு கேட்டது நீங்கதான்."

நடந்தார். நான் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு வேகவேகமாகப் பென்சிலால் கிறுக்கினேன். கை ஊன்றும்போது துணி எங்கே அமுங்குகிறது, கையை எடுக்கும்போது எங்கே இழுபடுகிறது, முன்னால் சாயும்போது முதுகு எப்படி வளைகிறது, எல்லாவற்றையும். அவர் களைத்து உட்கார்ந்தபோது நானும் வியர்த்திருந்தேன். அவரிடமே கேட்டேன்: கையைப் பாவாடைக்கு மேலே ஊன்றாமல் உள்ளே விட்டு ஊன்றினால் என்ன? மடிப்புகளுக்குள் மறைவாக ஒரு திறப்பு. கை உள்பாவாடை மேல் இருக்கும், மேல்துணி தன் போக்கில் தொங்கும்.

டீச்சர் தன் சேலையின் மடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தார். "பாக்கிறவுகளுக்குக் கவுனத் தூக்கிப் பிடிச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார்.

இரண்டாவது படத்தில் அவர் நடந்துகொண்டிருந்தார். வலது கை மடிப்புக்குள் போயிருந்தது. உடம்பு முன்னால் சாய்ந்திருந்தது. முகத்தில் கண்ணையும் வரைந்தேன், அது அவருடைய கண்ணாகவே இருக்க வேண்டும் என்று. கழுத்தை நீட்டவில்லை. மைக் கோட்டைத் தோளிலிருந்து ஊன்றிய கை வரை தடிமனாக இறக்கினேன், பாரம் போகிற வழி அது என்பதால். மற்றப் பக்கத்தில் கோடே இல்லாமல் சாம்பலைத் தண்ணீரில் கரைய விட்டேன்.

டீச்சருடைய அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "கைய ஏம்மா அங்கன கொண்டு வச்ச? ஊனத்தச் சொல்லிக் காட்டுற மாதிரில்ல இருக்கு?"

"அது என் கைம்மா" என்றார் டீச்சர். "இதத்தான் தைக்கணும்."

மதுரையிலிருந்து சாட்டினும் வலைத்துணியும் வந்தன. அக்கா மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வெட்டினாள். அவளுக்கும் இப்போது வீம்பு வந்துவிட்டிருந்தது. டிரையல் பார்க்கிற அன்று கடைக் கதவைச் சாத்திக்கொண்டோம். டீச்சர் நின்றபோது கவுன் அளவெடுத்த மாதிரி இருந்தது. இரண்டாவது அடி எடுத்து வைத்ததும் முன்விளிம்பை மிதித்துத் தடுமாறினார். அக்கா பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பார்.

"இதுக்குத்தான் சொன்னேன்" என்றார் அம்மா. "சேலையே கட்டிக்கோ. நாற்காலியில உக்கார வச்சுத் தூக்கிட்டுப் போவோம்."

அக்கா அளவுத் தாளை எடுத்து மறுபடி மறுபடி பார்த்தாள். "நீளம் சரியாத்தான இருக்கு" என்றாள். நான் சந்தில் கிறுக்கிய பென்சில் படங்களை எடுத்தேன். ஒவ்வொரு அடியிலும் உடம்பு முன்னால் சாயும் இடத்தில், சேலையின் முன்விளிம்பு தரையில் மடங்கிக் கிடப்பதை வரைந்து வைத்திருந்தேன். எதற்கு என்று தெரியாமலே வரைந்தது.

"அக்கா, நிக்கும்போது அளந்தது தப்பு. சாயும்போது முன்னாடி எறங்குது பாரு. நடக்கும்போது அளக்கணும்."

அக்கா படத்தைப் பார்த்தாள். சாக்பீஸை வாயில் கவ்விக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். டீச்சர் அடி எடுத்து வைத்து, சாய்ந்து, அப்படியே நின்றார். அக்கா குறித்தாள். மறுபடி ஓர் அடி, மறுபடி குறி. முன்பக்கம் குறைத்து, பின்பக்கம் அப்படியே விட்டு, பக்கங்களில் மெல்ல இறங்குகிற விளிம்பு ஒன்று வந்தது. அன்று முழுக்க வேறு யாருக்கும் கதவு திறக்கவில்லை. சாயங்காலம் டீச்சர் கடையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்தார், திரும்பி நடந்தார், மூன்றாவது தடவை நாங்கள் கேட்காமலே நடந்தார். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

கல்யாணத்துக்கு நானும் அக்காவும் போயிருந்தோம். சர்ச்சில் கடைசிப் பெஞ்சில் உட்கார இடம் கிடைத்தது. டீச்சருக்கு அப்பா இல்லை. அண்ணன் வாசலில் கையை நீட்டினார். டீச்சர் வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டுத் தனியாக நடக்கத் தொடங்கினார். பாட்டுப் பாடினார்கள். அவர் பாதி தூரம்கூடப் போகவில்லை, பாட்டு முடிந்துவிட்டது. சாட்டின் தரையில் உரசுவது மட்டும் கேட்டது. பிறகு பாடகர் குழுவில் யாரோ ஒரு பெண் அதே பாட்டை முதலிலிருந்து தொடங்கினாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு அவருடைய முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. சாய்ந்தது, நிமிர்ந்தது. வெள்ளை மடிப்புகள் ஒவ்வொரு அடிக்கும் திறந்து மூடின, ஒரு இடத்திலும் சிக்கவில்லை. அக்கா என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

தான் நடக்கிற அந்தப் படத்தை டீச்சர் சட்டம் போட்டுத் தன் வீட்டு முன்னறையில் மாட்டினார். அதைப் பார்த்துவிட்டுத்தான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தளவாய்புரத்திலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். நைட்டி தைத்து வெளியூர்களுக்கு அனுப்புகிறவர். அவருடைய மகள் டீச்சரிடம் டியூஷன் படித்தாள்.

"ஒவ்வொரு மாடலுக்கும் சாம்பிள் தச்சு வியாபாரிகிட்டக் கொண்டுபோய் விரிக்க வேண்டியிருக்கு. படமா இருந்தா பையில போட்டுக் கொண்டுபோயிரலாம்" என்றார். "வெளிநாட்டுப் பொம்பள மாதிரி ஒல்லியா, ஒசரமா போட்டுக் குடுங்க."

"உங்க நைட்டிய யாரு போடுதாக?"

"நம்ம பொம்பளையதான்."

"அப்ப அவியளத்தான் வரைவேன்."

அவர் சிரித்துவிட்டு, பார்க்கலாம் என்று போனார். நான் அவருடைய தையல் கூடத்துக்கு இரண்டு நாள் போய் உட்கார்ந்தேன். போகிற வழியில் தெருக்குழாயில் நின்ற பெண்களைப் பார்த்தேன். பூப்போட்ட நைட்டி, அதன்மேல் மாராப்புக்கு ஒரு துண்டு, இடுப்பில் குடம். குடத்தின் கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்த உடம்பு. அதை அப்படியே மையிலும் வண்ணத்திலும் கொண்டுவந்தேன். பூக்களை ஒவ்வொன்றாக வரையாமல், ஈரத்தில் சிவப்பைத் தொட்டுப் பரவ விட்டு, காய்ந்த பிறகு மையால் சிலவற்றுக்கு மட்டும் இதழ் வைத்தேன்.

முதலாளி படத்தைக் கையில் எடுத்ததும் வெடித்துச் சிரித்தார். "துண்டையும் சேத்துல்ல வரைஞ்சிருக்கீங்க! ஈரோட்டு வியாபாரி என்னயக் கேலி பண்ணுவான்மா."

"ஒரு தடவ கொண்டுபோய்க் காட்டுங்க. பொறவு பேசுவோம்."

அரைமனதோடு எடுத்துப் போனார். இரண்டு வாரம் கழித்து ஆள் அனுப்பினார். நான் போனபோது மேஜைமேல் என் படங்களைப் பரப்பி வைத்திருந்தார். குடம் வைத்த பெண்ணின் படத்தில்தான் வியாபாரி விரலை வைத்தாராம். வீட்டுக்காரி இப்படித்தான் நிற்பாள், இந்த நைட்டி அவளுக்குப் பொருந்தும் என்று தெரிகிறது என்றாராம்.

"ஆனா ஒண்ணு" என்றார் முதலாளி. "துண்டு இருந்தா நெஞ்சுக்கிட்ட வச்ச லேஸ் தெரியல. துண்ட எடுத்துருங்க. அப்படியே இடுப்பையும் கொஞ்சம் கொறச்சிட்டா..."

"துண்ட எடுத்துரலாம் அண்ணாச்சி. இடுப்ப எடுக்க முடியாது."

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே குரல் கொடுத்து, ஜன்னலோரம் ஒரு மேஜை போடச் சொன்னார். வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வர வேண்டும் என்று நான் கேட்டதற்கு, மேஜையை மறுபடி தூக்கித் திருப்பிப் போட்டார்கள்.

பல வருஷம் அங்கே வேலை பார்த்தேன். கல்யாணமாகி, பிள்ளை பிறந்த பிறகும் சேத்தூர் வழியாகப் போகும் பஸ்ஸில் போய்வந்தேன். கூடத்தில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். சாப்பாட்டு வேளையில் தைக்கிற பெண்கள் என் மேஜையைச் சுற்றி நின்றுகொள்வார்கள். பால் கொடுக்கிற தாய்மாருக்கென்று ஜிப் வைத்த மாடல் ஒன்று புதிதாக வந்தபோது, கைக்குழந்தையோடு ஒருத்தி உட்கார்ந்திருக்கும் படத்தை வரைந்து முடித்து, முன்னால் வைத்து நானே ரசித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"ஏக்கா, பிள்ளையோட தலைய யாரு பிடிக்கா? இவ கைய இங்கன வச்சிருக்கா. பிள்ள விழுந்துரும்லா?"

எல்லோரும் சிரித்தார்கள். பார்த்தேன், அவள் சொன்னது சரி. கை வடிவாக இருந்தது, ஆனால் குழந்தையின் கனம் அதில் இல்லை. மை காய்ந்துவிட்டிருந்தது, திருத்த வழியில்லை.

"ஒன் பிள்ளைய நீ எப்படிப் பிடிப்ப? செத்த உக்காந்து காட்டு" என்றேன்.

அவள் டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். யாரோ ஒரு துணிக்கட்டைத் தூக்கி அவள் மடியில் போட்டார்கள். அதை அவள் குழந்தையைப் போலவே முழங்கையில் ஏந்திக்கொண்டாள். நான் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றிக்கொண்டு வந்து, புதுத் தாள் ஒன்றை எடுத்து மேஜையில் ஒட்டினேன்.